கண்மாயில் ஜேசிபி விட்டுச் சாய்த்த சீமைக் கருவேலம் மறுபடி தழைக்கிறது. அடுத்து என்ன செய்வது?

பரளையாறு (முதுகுளத்தூர்ப் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கண்மாய் (பாசன ஏரி) சிறியதுதான், வயலுக்குத் தண்ணீர் திறக்க மூன்று மடை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே உள்வாயில் (தண்ணீர் நிற்கும் பரப்பில்) பாதிக்கு மேல் கருவக்காடு, அதாவது சீமைக் கருவேலங்காடு. போன கோடையில் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, வெளியூரில் வேலை பார்க்கும் எங்களிடமும் வசூலித்து, ஜேசிபி விட்டுத் தள்ளினோம். கரையில் நின்றால் எதிர்ப்பக்கம் மேய்கிற ஆடு தெரிந்தது. அப்படி ஒரு காட்சியைப் பார்த்துப் பல வருடம் ஆயிற்று என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

மழை பெய்தது, தண்ணீர் நின்றது, மாசி பங்குனியில் வற்றியது. இப்போது ஆவணியில் போய்ப் பார்த்தால் முழங்கால் உயரத்துக்குக் கன்று முளைத்துக் கிடக்கிறது. ஜேசிபி வாளியில் முறிந்துபோன தூர் ஒவ்வொன்றிலும் ஏழெட்டுப் போத்து (புதுக் கிளை). கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் காலில் நாங்கள் கை வைக்கவே இல்லை, அங்கே பழைய காடு அப்படியே நிற்கிறது. மறுபடி வரி போட்டால் யாரும் தர மாட்டார்கள்.

புழுதி விதைப்புக்கு உழவு ஓட ஆரம்பித்துவிட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் கரையில் நிற்கும் மரங்களையாவது வேரோடு பிடுங்கிவிடலாம் என்று ஊரில் ஒரு பேச்சு. செய்யலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கரிசக்காடு (விளாத்திகுளம்)

தம்பி, ஒரு மரம் விடாமல் பிடுங்குங்கள். கரை, வரத்துக்கால், தனியார் தரிசு எதையும் பார்க்காதீர்கள். காற்றில் இருக்கிற ஈரத்தையே உறிஞ்சுகிற மரம் அது. அது நிற்கிற சீமையில் மழை எப்படிப் பெய்யும்? 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டபோது தென்மாவட்டம் முழுக்க எவ்வளவு வேகமாக வேலை நடந்தது! அதே வேகத்தில் தொடர்ந்திருந்தால் இன்றைக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

மடைவாய் (பாசன வேலையில் இருந்து ஓய்வு)

பரளையாறு, முதலில் அவசரமான பதில். கரையில் இருக்கும் மரத்தை இப்போது பிடுங்காதீர்கள். மழைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. பெரிய மரத்தின் வேர் கரைக்குள் குறுக்கே ஓடியிருக்கும். அதை இழுத்தெடுத்தால் மண் பொதபொதவென்று ஆகிவிடும். வெட்டி அப்படியே விட்டாலும் உள்ளே வேர் மக்கிக் குழல் போல ஓட்டை விழும். கண்மாய் நிறையும்போது அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் கசியத் தொடங்கும், கசிவு பெருகி ஒரு ராத்திரியில் கரை போய்விடும். கரை மரத்தைக் கோடைத் தொடக்கத்தில் எடுக்க வேண்டும். எடுத்த குழியில் களிமண்ணைப் போட்டு, தண்ணீர் விட்டு, அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இடிக்க வேண்டும். அதுவரை கிளையை மட்டும் கழித்துவிடுங்கள்.

இரண்டாவது, வரத்துக்கால். நீங்கள் கண்மாயைத் திறந்துவிட்டு வாயை அடைத்து வைத்திருக்கிறீர்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் மழை வருடத்துக்கு 800 மில்லிமீட்டரைச் சுற்றி. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில், அதிலும் சில கனமழை நாட்களில் கொட்டி முடிந்துவிடும். வெயிலும் காற்றும் சேர்ந்து ஆவியாக்கும் அளவோ அதைப் போல இரண்டு மடங்கு. அந்தச் சில நாட்களில் ஓடிவருகிற தண்ணீரை வரத்துக்கால் கண்மாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தால்தான் அந்த வருடம் வெள்ளாமை. காலுக்குள் கருவை நின்றால் குப்பை சிக்கும், மணல் படியும், தண்ணீர் திசை மாறிப் பக்கத்துக் காட்டில் ஏறும். மேல் கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தும் கீழ்க் கண்மாய் காய்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, ஜேசிபி வந்த கையோடு ஆழம் தோண்டச் சொல்லும் ஆசை எல்லா ஊரிலும் உண்டு. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டுகிற பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் ஒரு சொட்டுகூட வயலுக்கு ஏறாது. ஆடு மாடு குடிக்க ஓரளவு இருக்கட்டும், அதற்கு மேல் வேண்டாம். கடலுக்குப் பக்கத்து ஊர்களில் அடியில் உப்புத் தண்ணீர் கிடக்கிறது. களிப் படுகையைக் கிழித்துவிட்டால் நல்ல தண்ணீரும் கெட்டுப்போகும். வண்டலை மேலாக வழித்து எடுத்து வயலில் போடுங்கள். 2024-லிருந்து வட்டாட்சியர் அளவிலேயே அதற்கு அனுமதி கிடைக்கிறது. முண்டு மிளகாய் போடுகிறவர்களைக் கேளுங்கள், கரம்பை (கண்மாய் வண்டல்) அடித்த காட்டுக்கும் அடிக்காத காட்டுக்கும் வித்தியாசம் சொல்வார்கள்.

குழியடிச்சான் (வேளாண்மை படித்தவன், பரமக்குடி)

கரிசக்காடு அண்ணே, உங்கள் கோபம் நியாயம். ஆனால் காற்று ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடையாது. நமக்கு மழை தருவது வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழ்வு நிலைகள். முதுகுளத்தூரில் நிற்கிற மரத்தால் அதைத் தடுக்க முடியாது. இந்தக் கதையை ஏன் மறுக்கிறேன் என்றால், அதை நம்பி வெட்டுகிறவர்கள் வெட்டியதும் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த மரத்தின் உண்மையான பலம் வேறு. ஆணிவேர் ஆழமாக இறங்கும், பக்கவேரும் பரவும், அதனால் எந்தப் பருவத்திலும் பச்சையாக நிற்கும். இலையை ஆடு மாடு கடிக்காது, காயை மட்டும் விரும்பித் தின்னும். காயில் சர்க்கரைச் சத்து அதிகம். விதையின் ஓடு கெட்டி. மாட்டின் வயிற்றில் அது ஊறி, சாணியோடு விழும்போது முளைப்பதற்குத் தோதாக விழுகிறது. மண்ணில் கிடக்கும் விதை பல வருடம் உயிரோடு இருக்கும். நீங்கள் மேல்மரத்தைத்தான் தள்ளியிருக்கிறீர்கள், உள்வாய் மண்ணுக்குள் ஒரு விதைக் கிடங்கே இருக்கிறது. போன மழையில் முளைத்தது முதல் தவணைதான்.

கன்று முழங்கால் உயரத்தில் இருக்கும்போது, முதல் மழை பெய்து மண் இளகியிருக்கையில், கையாலோ கடப்பாரையாலோ பிடுங்கிவிடலாம். ஒரு வருடம் விட்டால் மண்வெட்டி வேண்டும், மூன்று வருடம் விட்டால் மறுபடி ஜேசிபிதான். போத்து விட்ட தூரைத் தரைமட்டத்தில் வெட்டிப் பயனில்லை. மண்ணுக்குள் ஒரு முழமாவது தோண்டி, மொட்டுகள் இருக்கும் அடித்தூரையே எடுக்க வேண்டும். இதை வருடா வருடம் செய்ய ஆள் யார் என்று முடிவு செய்யாமல் வேறு எதைப் பேசினாலும் பயனில்லை.

இன்னொன்று. தள்ளும்போது உடை மரத்தையும் சேர்த்துத் தள்ளினார்களா? குடை பிடித்தது போல நிற்குமே, அதுதான். முள் இருக்கிறது என்று டிரைவர் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சாய்த்துவிடுவார். நாட்டுக் கருவேலும் அப்படித்தான் போகிறது. அவை நம் மண்ணின் மரங்கள், அடையாளம் கட்டி நிறுத்த வேண்டும்.

அடித்தூர் (கமுதி)

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். யாராவது எங்களைப் பற்றிப் பேசுவீர்கள் என்று பார்த்தேன்.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, இரண்டு சித்தப்பா எல்லாரும் கரிமூட்டம் போட்டவர்கள். நான் படித்ததும் அந்தக் காசில்தான். மழை ஏமாற்றிய வருடங்களில் இந்தப் பக்கத்து ஊர்கள் சோறு தின்றது இந்த மரத்தால். நிலம் இல்லாதவர்களுக்குக் கண்மாய் நிறைந்தாலும் நெல் வராது, ஆனால் கருவை வெட்டினால் கூலி வரும். அடுப்புக்கு விறகும் அதுதான். ஊர்க்கூட்டத்தில் கண்மாயைச் சுத்தம் பண்ணுவோம் என்று ஆயக்கட்டுக்காரர்கள் (கண்மாய்ப் பாசனத்தில் நிலம் உள்ளவர்கள்) முடிவு செய்யும்போது இந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை.

அந்த வேலையும் சுகமான வேலை இல்லை. கட்டையை அடுக்கி, தழை போட்டு மூடி, மேலே மண் பூசி நெருப்பு வைத்தால் நாள் கணக்கில் புகையும். முதலில் வெள்ளைப் புகை, அப்புறம் நீலம். ராத்திரி தூங்காமல் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மண் விரிந்து காற்றுப் புகுந்துவிட்டால் மொத்த மூட்டமும் சாம்பல். அம்மாவுக்கு இப்போது கண் எரிச்சலும் இருமலும் போகவே இல்லை. முன்பணம் வாங்கிவிட்டு அதைக் கழிக்கவே வருடக்கணக்கில் உழைத்த குடும்பங்களையும் எனக்குத் தெரியும்.

நான் சொல்ல வருவது இதுதான். ஜேசிபிக்கு மணிக்கணக்கில் பணம் கொடுத்தீர்கள், அது தூரை முறித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. எங்கள் ஆட்கள் தூரைத் தோண்டித்தான் எடுப்பார்கள், ஏனென்றால் அடித்தூர்க் கட்டைதான் கனம், அதில்தான் நல்ல கரி விழும். மரத்தை ஏலம் விடும்போதே “தூரோடு எடுக்க வேண்டும், குழியை மூட வேண்டும்” என்று எழுதிப் போடுங்கள். ஏலத்தை வெளியூர் வியாபாரிக்கு விடாமல் உள்ளூர்க் குழுவுக்கு விடுங்கள். உங்களுக்குச் செலவே இல்லாமல் வேலை நடக்கும், எங்களுக்கு முன்பணக் கடன் இல்லாமல் கூலி கிடைக்கும்.

கூழைக்கடா (மதுரை)

தை மாசி மாதங்களில் உங்கள் பக்கம் பறவை பார்க்க வருகிறவன் நான். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தன. சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் 2025-இல். நான்குமே விவசாயத்துக்காக வெட்டிய கண்மாய்கள். தண்ணீருக்குள் நிற்கும் நாட்டுக் கருவேலத்தில்தான் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் விரும்பிக் கூடு கட்டும். அது குறைந்த இடங்களில் சீமைக் கருவேலத்திலும் கட்டுகின்றன. ஆகவே உள்வாயின் நடுவே கூடு இருக்கும் மரக்கூட்டத்தை ஒரே வருடத்தில் துடைத்து எடுக்க வேண்டாம். பக்கத்திலேயே நாட்டுக் கருவேலம் நட்டு, அது வளர வளரப் பழையதைக் கழியுங்கள். கார்த்திகையிலிருந்து பங்குனி வரைக்கும் அந்த இடத்தில் எந்த வேலையும் வேண்டாம்.

பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை.

கிடைக்காரன் மகன் (இளையான்குடி)

ஆடு மாட்டைத்தான் எல்லாரும் குற்றம் சொல்கிறீர்கள். விதையைப் பரப்புவது உண்மைதான். ஆனால் மேய்ச்சலே இல்லாத கண்மாய் எவ்வளவு சீக்கிரம் காடாகிறது என்று பாருங்கள். கருவை தள்ளிய இடத்தில் புல் வந்துவிட்டால் கன்று அவ்வளவு எளிதாகத் தலை தூக்காது. எங்கள் அப்பா காலத்தில் கண்மாய் வற்றியதும் உள்வாயில் கொழுக்கட்டைப் புல்லும் அருகும் விரித்துக் கிடக்கும். கீதாரிகள் (ஆட்டு மந்தை ஓட்டுகிறவர்கள்) தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் ஆடு அடைக்கும் கிடைக்குப் போய்விட்டு, இங்கே புல் இருக்கும் நேரம் பார்த்துத் திரும்புவார்கள். இப்போது திரும்பி வந்தாலும் மேய்க்க இடமில்லை. ஒன்று கருவக்காடு, இல்லையென்றால் பிளாட் கல்.

எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். கருவக் காயைப் பொறுக்கிக் காய வைத்து, மாவாக அரைத்துத் தவிட்டோடு கலந்து வைக்கிறோம். அரைத்தால் விதை செத்துவிடும், தீவனச் செலவும் குறைகிறது. முழுக்க அதையே வைக்கக் கூடாது, மற்றத் தீவனத்தோடு கொஞ்சமாகத்தான். காய் விழுகிற மாதங்களில் ஆட்டைக் கருவக்காட்டில் பத்திவிட்டு நேரே சுத்தம் செய்த கண்மாய்க்குள் ஓட்டி வராமல், இடையில் இரண்டு மூன்று நாள் வேறு இடத்தில் கிடை போட்டால் விதையில் பெரும்பகுதி அங்கேயே விழுந்துவிடும். உங்கள் ஊரில் ஆடு வைத்திருப்பவர்களை உட்காரவைத்து இதைப் பேசியிருக்கிறீர்களா, பரளையாறு?

புஜ்ஜில் ஒருவன் (கட்ச், குஜராத்)

திருநெல்வேலிக்காரன், வேலை இங்கே. நீங்கள் பேசுகிற எல்லாமே இங்கேயும் ஓடுகிறது. கட்ச்சின் வடக்கே பன்னி என்று ஒரு புல்வெளி, ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர். உப்புப் பாலை முன்னேறாமல் தடுக்க என்று 1960-களின் தொடக்கத்தில் வனத்துறை இதே மரத்தைப் போட்டது. இன்றைக்குப் புல்வெளியின் பெரும்பகுதி அந்த மரத்துக்கு அடியில்.

இங்கே மால்தாரிகள் என்று மேய்ச்சல்காரர்கள். முன்பு காங்கிரேஜ் மாடு நிறைய வளர்த்தார்கள். இந்தக் காயை அதிகம் தின்ற மாடுகள் நோய்ப்பட்டுச் செத்தன. எருமை தாக்குப்பிடித்தது, ஆகவே பலர் எருமைக்கு மாறினார்கள். பன்னி எருமை ராத்திரியில் தானே மேயப் போய்க் காலையில் வீடு திரும்பும், பார்த்தால் வியப்பாக இருக்கும். 2010-இல் அதைத் தனி இனமாகப் பதிவு செய்தார்கள்.

அடித்தூர் சொன்னதற்கு இங்கே ஒரு சான்று இருக்கிறது. 2004-இல் கரி எரிப்பதற்கு இருந்த தடையை விலக்கினார்கள். சில ஆண்டுகள் மரம் குறைந்தது. தூரோடு எடுத்த இடங்களில் புல் திரும்பியது, மேலே வெட்டிவிட்டுப் போன இடங்களில் முன்னைவிட அடர்த்தியாகத் தழைத்தது. அப்புறம் 2008-இல் மறுபடி தடை வந்தது, மரமும் வந்தது. மரத்தை வெட்டலாமா கூடாதா என்று அரசு மாற்றி மாற்றி உத்தரவு போட்டதில் மேய்ச்சல்காரர்கள்தான் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

கென்யாவில் பாரிங்கோ பகுதியிலும் இதே கதை. 1980-களில் விறகுக்காக நட்டது. பிறகு அந்த மக்கள் அரசின் மீது வழக்குப் போட்டு, காயைத் தின்று பல் போன ஒரு ஆட்டையே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். வறண்ட பூமி என்றால் சும்மா கிடக்கிற பூமி, எதையாவது நட்டுப் பச்சையாக்க வேண்டும் என்று மேலிருந்து முடிவு செய்வதுதான் எல்லா இடத்திலும் ஆரம்பம். புல்லும் ஒரு வளம் என்று இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல்காரர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவித்தது அந்த வகையில் நல்லது.

கரிசக்காடு

குழியடிச்சான் தம்பி, மழை விஷயம் இருக்கட்டும். கரிக்காக விட்டுவைப்போம் என்று ஆரம்பித்தால் மரத்தை ஒழிக்க யாருக்கும் மனசு வராது. லாபம் பார்க்கிறவன் விதையைக் காப்பாற்றத்தானே பார்ப்பான்? எங்கள் பக்கம் மானாவாரிக் காட்டையே கருவைக்கு விட்டுவிட்டு வெட்டுக்குக் குத்தகை விடுகிறார்கள். கம்பும் உளுந்தும் விளைந்த மண் அது.

அடித்தூர்

அண்ணே, அந்தப் பயம் சரியான பயம். தரிசில் கருவையை வளர்த்துக் குத்தகை விடுவது நிலம் வைத்திருப்பவர் முடிவு, அதைக் கரி போடுகிறவர் மேல் வைக்காதீர்கள். கண்மாயிலும் வரத்துக்காலிலும் ஊருணியிலும் ஒரு மரமும் வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மரம் தீர்ந்த பிறகு அந்தக் குடும்பங்களுக்கு என்ன என்பதுதான் என் கேள்வி. கன்று பிடுங்குகிற வருடாந்தர வேலையை அவர்களுக்கே கொடுங்கள். மீன் குத்தகையில் பங்கு கொடுங்கள். கரையில் பனை நட்டால் அதைக் காக்கும் உரிமையைக் கொடுங்கள்.

பரளையாறு

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. கரை மரத்தைத் தொட வேண்டாம் என்பதை இன்று காலையே ஊருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

ஆடு வைத்திருப்பவர்களோடு பேசினோமா என்று கேட்டீர்கள். இல்லை. ஊர்க்கூட்டத்துக்கு வந்தது ஆயக்கட்டுக்காரர்கள்தான். காலனியிலிருந்து கரி வேலைக்குப் போகிறவர்கள் யாரையும் கூப்பிடவும் இல்லை. கண்மாய் மீன் ஏலத்தில் வருடம் ஒரு தொகை வருகிறது, அது முழுக்கக் கோயில் திருவிழாவுக்குப் போகிறது. அதில் பாதியைக் கண்மாய்க்கு ஒதுக்கினால் கன்று பிடுங்கும் கூலிக்குக் கட்டுமா? நூறு நாள் வேலை என்று நாம் சொல்லிவந்த ஊரக வேலை உறுதித் திட்டத்தில் வரத்துக்காலைச் சேர்க்க முடியுமா?

மடைவாய்

வரத்துக்கால் தூர்வாருவது அந்தத் திட்டத்தில் அனுமதிக்கப்பட்ட வேலைதான். கிராம சபையில் தீர்மானம் போட்டு வேலைப் பட்டியலில் ஏற்ற வேண்டும், அடுத்தது அக்டோபர் 2. ஆனால் அந்த வேலை இந்த மழைக்கு முன்னால் வந்து சேராது, ஆகவே வரத்துக்காலின் நடுவில் தண்ணீர் ஓடும் அகலத்துக்கு மட்டுமாவது இப்போதே கையால் வெட்டி வழி விடுங்கள். இரு ஓரத்தையும் கோடையில் பார்த்துக்கொள்ளலாம். வெட்டிய முள்ளைக் காலுக்குள்ளேயே போட்டுவிட்டு வராதீர்கள், பல ஊரில் அதுதான் நடக்கிறது.

கண்மாய் யாருடைய பொறுப்பில் இருக்கிறது, நீர்வளத் துறையா (முன்பு பொதுப்பணித் துறை) ஊராட்சி ஒன்றியமா என்று முதலில் பாருங்கள். மர ஏலம் யார் விடுவது என்பது அதைப் பொறுத்தது. 2022-இல் தமிழக அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. அகற்றுவதோடு நிற்காமல் அந்த இடத்தை மீட்டெடுப்பதும் அதில் இருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

மீன் ஏலப் பணம் பற்றி: பழைய நாளில் நீர்பாய்ச்சிக்கு ஆயக்கட்டுக்காரர் ஒவ்வொருவரும் களத்தில் நெல் அளந்தார்கள். மடை திறப்பதும் கரையில் எலி வளை பார்ப்பதும் அவர் வேலை, உள்வாயில் கன்று முளைத்தால் முதலில் அவர் கண்ணில்தான் படும். அந்த ஆள் போனதும் கண்மாயைத் தினம் பார்க்கிற கண் போய்விட்டது. பாதிப் பணத்தில் அப்படி ஒருவரை மறுபடி வையுங்கள். இரண்டு பேர் என்றால் இன்னும் நல்லது.

கிடைக்காரன் மகன்

அதில் ஒருவர் ஆடு மேய்க்கிறவராக இருக்கட்டும். எப்படியும் தினமும் கண்மாய்க்குள்தான் நிற்கப் போகிறார். கொழுக்கட்டைப் புல் விதை வேண்டுமென்றால் என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. முதல் மழைக்கு முன்னால் உள்வாயின் மேட்டுப் பகுதியில் தூவ வேண்டும். தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் போட்டால் வீண்.

பரளையாறு

விதையை வாங்கிக்கொள்கிறேன் அண்ணே, தனிச்செய்தியில் எண் அனுப்புங்கள். அடித்தூர் அக்கா, உங்கள் பக்கத்தில் தூரோடு எடுத்துக் குழி மூடிக் கொடுக்கும் குழு இருந்தால் சித்திரையில் எங்கள் ஊருக்கு வருவார்களா? அதற்குள் எங்கள் ஊரிலேயே ஒரு குழு சேர்ந்துவிட்டால் அவர்களுக்கு வந்து சொல்லிக்கொடுத்தால்கூடப் போதும். ஏல நிபந்தனையை எழுதும்போது என்னென்ன சேர்க்க வேண்டும் என்று நீங்களும் மடைவாய் ஐயாவும் இங்கேயே எழுதிவிட்டால், அக்டோபர் 2 கிராம சபைக்கு அதை அச்சடித்துக் கொண்டுபோகிறேன்.

அடித்தூர்

வருவார்கள். நிபந்தனைக்கு என் பக்கத்திலிருந்து: தூர் ஒரு முழ ஆழம்வரை எடுக்க வேண்டும், குழி அன்றைக்கே மூட வேண்டும், உடை மரமும் நாட்டுக் கருவேலும் சுண்ணாம்பு அடித்து நிறுத்த வேண்டும், மூட்டம் வீடுகளுக்குக் காற்று வாட்டத்தில் இருக்கக் கூடாது, எடை போடும்போது வேலை செய்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கடைசியில் சொன்னதை மறக்காமல் எழுதுங்கள், எங்கள் ஆட்கள் ஏமாந்தது எல்லாம் தராசில்தான்.